10 நாளாகியும் ஆறாத கருவிழிப் புண்: பூஞ்சைத் தொற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படிக் குணப்படுத்துகிறார்கள்?

கேள்வி இதுதான்: தோட்ட வேலையின்போது தந்தையின் வலது கண்ணில் காய்ந்த குச்சி உரசிவிட்டது. ஒரு வாரத்தில் கண் சிவந்து கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பூஞ்சைத் தொற்று என்று சொல்லி, மணிக்கு ஒரு தடவை நேட்டமைசின் சொட்டு விடச் சொன்னார்கள். 10 நாளாகியும் புண் அப்படியே இருக்கிறது. பூஞ்சைதான் என்பது எப்படித் தெரியும்? மருந்தை மாற்றக் கூடாதா? சிவப்பு அடங்க ஸ்டீராய்டு சொட்டு விடலாமா? அறுவை சிகிச்சை வரை போகுமா?

காத்திருக்க முடியாத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு சொட்டு வேண்டாம். வேறு ஏதோ கண் நோய்க்கு வாங்கிய பழைய புட்டி வீட்டில் இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். மற்ற கேள்விகளுக்குக் கொஞ்சம் நிதானமாகத்தான் பதில் சொல்ல முடியும். கருவிழிப் புண்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் நான். என் அறைக்கு அடுத்த அறை நுண்ணுயிரியல் ஆய்வகமாக இருந்ததால், நுண்ணோக்கியில் பார்க்காத எதையும் முழுதாக நம்பாத பழக்கம் வந்துவிட்டது. அந்தச் சாய்வு இந்தப் பதிலில் தெரியும்.

கருவிழி என்று இங்கே நான் சொல்வது, கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி போல வளைந்திருக்கும் ஒளிபுகும் திசுவை. நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடையின்றிப் புகாது. ஆனால் ரத்தம் ஓடாத இடத்துக்கு உடலின் காவல்படையும் தாமதமாகத்தான் வரும். விழுங்கிய மருந்தும் சுற்றி வளைத்துத்தான் வரும். எபிதீலியம் என்னும் மேற்படலம் முழுதாக இருக்கும்வரை பூஞ்சை உள்ளே நுழைவது அரிது. ஒரு கீறல் போதும், கதவு திறந்துவிடும். காய்ந்த இலை, வைக்கோல், மண், மரத்தூள் ஆகியவற்றில் பூஞ்சையின் வித்துகள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும். கதவைத் திறப்பதும் திருடனை உள்ளே அனுப்புவதும் ஒரே குச்சிதான். 1879-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடோர் லேபர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது அவர் முன் இருந்த நோயாளியும் ஒரு விவசாயிதான். கதிரடிக்கும் எந்திரத்திலிருந்து தெறித்த ஓட்ஸ் உமி அவர் கண்ணில் பட்டிருந்தது. புண்ணில் கிடைத்தது ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை.

கருவிழியைத் தாக்கும் பூஞ்சைகளை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் போதும். நூல் நூலாக வளரும் இழைப் பூஞ்சைகள் ஒன்று. ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், கருநிறமி கொண்ட கர்வுலேரியா ஆகியவை இதில் அடங்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலங்களில் பெரும்பாலும் இவைதான் குற்றவாளிகள். மற்றது ஈஸ்ட் வகை. அதில் முக்கியமானது கேண்டிடா. ஏற்கெனவே நோயுற்ற கருவிழி, நெடுநாள் ஸ்டீராய்டு சொட்டு, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த உடல் என்று இடம் பார்த்துக் குடியேறுவது அது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களும் தப்புவதில்லை. 2006-இல் அமெரிக்காவில் 33 மாநிலங்களில் 164 பேருக்கு ஃபியூசேரியம் தொற்று உறுதியானது. அவர்களில் பெரும்பாலோர் லென்ஸ் அணிந்தவர்கள். ரெனு வித் மாய்ஸ்ச்சர்லாக் என்ற லென்ஸ் கரைசலோடு அதற்குத் தொடர்பிருப்பது தெரிந்ததும், பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் அதை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் வருவதாக மதிப்பீடு இருக்கிறது. அதனால் இதை அபூர்வ நோய் என்று நினைக்க வேண்டாம்.

இனி முதல் கேள்வி. பார்த்தவுடன் பூஞ்சை என்று சொல்ல முடியுமா? ஸ்லிட் லேம்ப் என்னும் விளக்கு நுண்ணோக்கியின் முன் அமர்த்திப் பார்க்கும்போது சில அடையாளங்கள் தென்படும். புண்ணின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல், பறவை இறகின் நுனிபோலப் பிசிறாக இருக்கும். மேற்பரப்பு ஈரப் பளபளப்பில்லாமல் உலர்ந்து, சற்றே மேடாக, சொரசொரப்பாக இருக்கும். பெரிய புண்ணைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் குஞ்சுகள்போலச் சிதறியிருக்கலாம். கருவிழியின் பின்புறச் சுவரில் வெண்ணிறத் திட்டு ஒட்டியிருக்கலாம். கருவிழிக்குப் பின்னால் நீர் நிறைந்திருக்கும் முன்னறையின் அடியில் சீழ் தேங்கியிருக்கலாம். பூஞ்சையில் அந்தச் சீழ் பாலாடைக்கட்டிபோல இறுகி, தலையைச் சாய்த்தாலும் நகராமல் நிற்கும். புண்ணின் மேல் பழுப்போ கறுப்போ படிந்திருந்தால் நிறமிப் பூஞ்சையை நினைப்போம். பொதுவாக இந்த நோய் பாக்டீரியாவைவிட மெதுவாக முற்றும். புண்ணின் அளவைப் பார்த்தால் இன்னும் அதிகமாக வலிக்க வேண்டுமே என்று தோன்றுவதும் உண்டு. புண் சிறியதாக இருந்து வலி மட்டும் தாங்க முடியாததாக இருந்தால் என் மனம் அகாந்தமீபா என்னும் ஒரு செல் உயிரியின் பக்கம் போகும்.

இத்தனை அடையாளங்களைச் சொன்ன கையோடு அவற்றை நம்ப வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவிழி வல்லுநர்களிடம் புண்களின் படங்களைக் கொடுத்து, பாக்டீரியாவா பூஞ்சையா என்று பிரிக்கச் சொன்ன ஓர் ஆய்வில் அவர்கள் சரியாகச் சொன்னது ஏறத்தாழ 66 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வரும். ஆகவே பார்த்த மாத்திரத்தில் 'இது பூஞ்சை' என்று எழுதிக்கொடுத்த சீட்டை நான் ஊகம் என்றே எடுத்துக்கொள்வேன். தந்தையின் விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. புண்ணைச் சுரண்டிப் பார்த்தார்களா என்பதுதான் அது.

சுரண்டல் என்ற சொல்லே நடுங்க வைக்கும். உண்மையில் கண் மரத்துப்போகச் சொட்டு விட்டு, விளக்கு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே சில நிமிடங்களில் செய்துமுடிக்கும் வேலை அது. கிமுரா ஸ்பேட்டுலா என்னும் தட்டையான சிறு கரண்டியோ 15-ஆம் எண் கத்தியோ போதும். புண்ணின் மேல் படிந்திருக்கும் சளியை எடுத்தால் ஒன்றும் கிடைக்காது; அதை ஒதுக்கிவிட்டு ஓரங்களிலும் அடியிலும் அழுத்தி எடுக்க வேண்டும். பயந்து பயந்து எடுத்த மாதிரியில் பூஞ்சை தெரியவில்லை என்று அறிக்கை வந்தால், பூஞ்சை இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. கண்ணுக்கு மருந்து எதுவும் விடுவதற்கு முன்னால் எடுப்பதுதான் சிறப்பு. விட்ட மருந்து, ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் அதை முளைக்கவிடாமல் அடக்கிவிடலாம்.

எடுத்த துணுக்கில் ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விடுவார்கள். அந்தக் காரம் கருவிழியின் செல்களைக் கரைத்துவிடும். கைட்டின் கொண்ட பூஞ்சையின் சுவர் மட்டும் அதற்கு அசையாது. கரைந்து தெளிந்த பின்னணியில் கண்ணாடிக் குழல்கள்போல, குறுக்குத் தடுப்புகளோடு, கிளை பிரிந்து கிடக்கும் இழைகளை முதல் முறை பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சுரண்டிய அரை மணி நேரத்துக்குள் கிடைக்கும் இந்த ஒற்றைக் காட்சி, பல நாள் தடுமாற்றத்தைத் தவிர்த்துவிடும். செலவும் மிகக் குறைவு. இதைச் செய்யாமல் வாரக்கணக்கில் மருந்தை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வரும். கால்கோஃப்ளூர் வெள்ளை என்ற சாயத்தைச் சேர்த்து ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் இழைகள் இருட்டில் மின்னும். புதியவர் கண்ணுக்கும் தப்பாது. பாக்டீரியாவைப் பார்க்கக் கிராம் சாயம் தனியாக உண்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கும் புண்களும் உண்டு என்பதால் அதை விடக் கூடாது.

மீதித் துணுக்குகள் வளர்ப்புத் தட்டுகளுக்குப் போகும். இரத்த அகர், சபுராட் டெக்ஸ்ட்ரோஸ் அகர், உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகர் ஆகிய, கிருமிக்கு உணவாகும் கூழ்களின் மேல் ஆங்கில 'சி' எழுத்து வடிவில் கீறி வைப்பார்கள். அந்தக் கீறலின் மேல் முளைத்தால் கண்ணிலிருந்து வந்தது. கீறலுக்கு வெளியே முளைத்தால் காற்றிலிருந்து விழுந்தது. எளிய உத்திதான், ஆனால் ஆய்வகத்தின் மானத்தைக் காப்பது அதுதான். இழைப் பூஞ்சைகள் பெரும்பாலும் சில நாட்களில் முளைத்துவிடும். மந்தமானவற்றுக்காகத் தட்டுகளை இரண்டு மூன்று வாரம்கூட வைத்திருப்பார்கள். நுண்ணோக்கி பூஞ்சை என்று மட்டும் சொல்லும். எந்தப் பூஞ்சை என்பதை வளர்ப்புதான் சொல்லும். அந்த விவரம் ஏன் முக்கியம் என்பது மருந்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

மேலே எதுவும் கிடைக்காமல் புண் ஆழத்தில் இருந்தால், திசுவில் சிறு துண்டு வெட்டியெடுத்து ஆராய்வார்கள். கான்ஃபோகல் நுண்ணோக்கி வசதி உள்ள இடத்தில், கண்ணைக் கீறாமலேயே உள்ளே இருக்கும் இழைகளை வெண்கோடுகளாகப் பார்க்கலாம். ஈஸ்ட் செல்களை அதில் அடையாளம் காண்பது கடினம். பி.சி.ஆர். சோதனையும் உண்டு. அது மிகச் சிறிய மாதிரியிலும் மரபணுவைப் பிடித்துவிடும். செத்த கிருமியின் மரபணுவையும் சேர்த்தே பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பூஞ்சை மருந்துக்கு அசையாத புண் என்றால் என் நினைவுக்கு வரும் இன்னொரு பெயர் பித்தியம் இன்சிடியோசம். நுண்ணோக்கியில் பூஞ்சையை அப்படியே ஒத்திருக்கும். அதன் சுவரில் செல்லுலோஸ் இருப்பதால் கால்கோஃப்ளூர் சாயத்திலும் ஒளிரும். ஆனால் அது பூஞ்சையே அல்ல. நீரில் வாழும் வேறொரு குலத்தைச் சேர்ந்தது. பூஞ்சை மருந்துகள் பெரும்பாலும் குறிவைப்பது எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பை. பித்தியத்தின் செல் படலத்தில் அது இல்லாததால் நேட்டமைசின் அங்கே குறியில்லாத அம்பாகிவிடுகிறது. இழைகள் அகன்று, ரிப்பன்போல, தடுப்புகள் அரிதாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். லினிசோலிட், அசித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகளைத்தான் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். பலருக்குக் கடைசியில் அறுவை சிகிச்சையும் தேவைப்படுகிறது. தந்தையின் புண் நல்ல மருந்துக்கும் இன்னும் சில நாட்கள் அசையாமல் இருந்தால், பித்தியமாக இருக்குமோ என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது கேள்வி, மருந்து. நேட்டமைசின் பழைய மருந்து. 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பெயரும் அந்த ஊரால் வந்ததுதான். பாலாடைக்கட்டியின் மேல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தடவுவதும் இதே பொருளைத்தான். 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கண் சொட்டாக இது இடம்பெற்றது. இதன் குறை, கரையாத பெரிய மூலக்கூறு என்பதால் கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாதது. வோரிகோனசோல் நன்றாக ஊடுருவும், ஆய்வகத் தட்டில் பூஞ்சையை நன்றாக அடக்கும். அப்படியானால் அதுதானே உயர்ந்தது என்று நாங்களும் ஒரு காலத்தில் நினைத்தோம்.

தென்னிந்தியாவில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது. 3 மாதம் கழித்துப் பார்த்தபோது நேட்டமைசின் பெற்றவர்களின் பார்வை, வோரிகோனசோல் சொட்டு பெற்றவர்களைவிட, பார்வைப் பலகையில் ஏறத்தாழ இரண்டு வரி மேலாக இருந்தது. கருவிழி ஓட்டையாவதும் குறைந்திருந்தது. ஃபியூசேரியம் தொற்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் நான்கு வரி. மற்றப் பூஞ்சைகளில் இரண்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பூஞ்சையின் பெயர் தெரிய வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இதற்காகத்தான். கேண்டிடா என்று தெரிந்தால் ஆம்போடெரிசின் பி 0.15 சதவீதச் சொட்டைப் பலர் முதலில் எடுப்பார்கள். அது ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்திலிருந்து தயாரிப்பது. மலட்டு நீரில் கலந்து, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

நேட்டமைசின் கொடுத்தது சரியான தேர்வு. அதை மாற்றச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். மேற்சொன்ன ஆய்விலேயே முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்று வாரம் நிறையும்வரை இரண்டு மணிக்கு ஒரு சொட்டு என்றுதான் விட்டார்கள். பூஞ்சைப் புண்ணை வாரக் கணக்கில்தான் அளக்க வேண்டும், நாள் கணக்கில் அல்ல. 10 நாளில் புண் பெரிதாகாமல் இருப்பதே மருந்து பிடித்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். ஆறத் தொடங்கினால் பிசிறான ஓரம் மழுங்கி உருண்டு வரும். சுற்றியிருந்த சிறு புள்ளிகள் மறையும். வெள்ளையின் அடர்த்தி நடுவிலிருந்து இளகும். சீழ் மட்டம் இறங்கும். இவை கண்ணாடியில் முகம் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியவை அல்ல. அதனால்தான் மருத்துவர் ஒவ்வொரு முறையும் அளந்து, படம் வரைந்து வைக்கிறார். இன்னொரு குழப்பமும் உண்டு. நேட்டமைசின் வெள்ளையான கலங்கல் மருந்து; புண்ணின் மேல் அது படிந்து, வெள்ளை அதிகமானதுபோலக் காட்டும். மருத்துவர் அவ்வப்போது அந்தப் படிவையும் செத்த திசுவையும் சுரண்டி அகற்றுவார். அது மருந்து உள்ளே இறங்கவும் வழிவிடும். மேற்படலம் மூடிக்கொண்டதும் குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. மூடிய கதவுக்குப் பின்னால் பூஞ்சை உயிரோடு இருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது சிறியது, ஆனால் அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லையென்றால் மருந்து அடியில் தங்கி, வெறும் நீர்தான் கண்ணில் விழும். இரண்டு வகைச் சொட்டுகள் இருந்தால் இடையில் 5 நிமிடமாவது விட வேண்டும். உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். புட்டியின் முனை இமையிலோ புண்ணிலோ படக் கூடாது. கண்ணை இறுக்கிக் கட்ட வேண்டாம். கண்மணியை விரிக்கும் சொட்டு கொடுத்திருந்தால், பார்வையை மங்கலாக்குகிறதே என்று அதை நிறுத்தக் கூடாது. வலியைக் குறைப்பதும் உள்ளே திசுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும் அதன் வேலை.

புண் ஆழமாக இருந்தாலோ சொட்டு மட்டும் போதவில்லை என்றாலோ, வோரிகோனசோலைக் கருவிழித் திசுவுக்குள்ளேயே மெல்லிய ஊசியால் செலுத்துவதும், ஆம்போடெரிசினை முன்னறைக்குள் செலுத்துவதும் உண்டு. மாத்திரை எல்லோருக்கும் தேவையில்லை. கடுமையான புண்ணுள்ள 240 பேரிடம் வோரிகோனசோல் மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. ஃபியூசேரியத்தில் மட்டும் கொஞ்சம் பயன் இருக்கலாம் என்று தோன்றியது. அந்த மாத்திரை கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. ரத்தப் பரிசோதனையோடுதான் கொடுக்க வேண்டும். புற ஊதாக் கதிர் பாய்ச்சிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சையைப் பற்றியும் கேட்பார்கள். இழைப் பூஞ்சைப் புண்களில் அதைச் சேர்த்துச் செய்து பார்த்த ஆய்வில் பலன் தெரியவில்லை; பார்வை இன்னும் குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு என்றுதான் முடிவு வந்தது. நான் அதன் பக்கம் போகமாட்டேன்.

ஸ்டீராய்டுக்கு வருகிறேன். சிவப்பும் வலியும் வீக்கமும் உடலின் எதிர்ப்பிலிருந்து வருபவை. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. இரண்டே நாளில் கண் வெளுக்கும், வலி குறையும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வேரோடும். பாக்டீரியாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும், கருவிழியின் பின்புறத்தில் உள்ள டெஸ்மெட் படலத்தைப் பூஞ்சை துளைத்துக்கொண்டு கண்ணுக்குள் போகக்கூடியது. அதற்கு நாமே வழிகாட்டிவிடுவோம். சிவந்த கண்ணுக்கு யாரோ கொடுத்த ஸ்டீராய்டு கலவைச் சொட்டை விட்டுவிட்டு, 'முதலில் நன்றாகத்தான் கேட்டது' என்று சொல்லியபடி வந்த நோயாளிகளை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

கடைசிக் கேள்வி அறுவை சிகிச்சை. மருந்து கொடுத்தும் பரவுகிற புண், மெலிந்து ஓட்டையாகப்போகிற கருவிழி, வெள்ளைவிழியை நோக்கி ஓரம் நகரும் தொற்று ஆகிய நிலைகளில் தாமதிக்கக் கூடாது. சிறு ஓட்டை என்றால் சயனோஅக்ரிலேட் பசையால் அடைத்து, மேலே லென்ஸ் வைத்துக் காலம் வாங்கலாம். பெரிதானால் தொற்றுப் பகுதியை, சுற்றிலும் 1 மில்லிமீட்டர் நல்ல திசுவோடு சேர்த்து அகற்றி, தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்துவார்கள். அந்த அறுவை கண்ணைக் காப்பாற்றுவதற்கு, பார்வைக்கு அல்ல. அகற்றிய வட்டத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, விளிம்பில் இழைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பூஞ்சை மருந்தும் தொடரும். நன்றாக ஆறிய புண்ணும் தழும்பு விடும். அதைத்தான் கண்ணில் பூ விழுந்தது என்கிறோம். தழும்பு மெல்லியதாக இருந்தால் விறைப்பான கான்டாக்ட் லென்ஸ் ஓரளவு உதவும். அடர்த்தியாக இருந்தால் கண் பல மாதம் அமைதியாக இருந்த பிறகு பார்வைக்கான மாற்று அறுவையைப் பற்றி யோசிக்கலாம்.

ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சுரண்டிப் பார்த்ததில் என்ன தெரிந்தது, வளர்ப்பில் எது முளைத்தது, முதல் நாள் அளவோடு ஒப்பிட்டால் இன்று புண் எவ்வளவு. சுரண்டியே பார்க்கவில்லை என்று பதில் வந்தால், அந்த வசதியுள்ள கருவிழிப் பிரிவுக்குத் தந்தையை அன்றே அழைத்துச் செல்லுங்கள். பயன்படுத்திய புட்டிகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். திடீரென்று கண்ணிலிருந்து வெந்நீர் வழிந்ததுபோல இருந்தாலோ, வலி சட்டென்று மாறினாலோ, பார்வை இன்னும் மங்கினாலோ, இரவானாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்; கருவிழி ஓட்டையாகியிருக்கலாம். கண்ணை அழுத்தாமல், மேலே குழிந்த மூடி ஒன்றை வைத்துக் கிளம்புங்கள்.